போரடிக்கும் பாடங்கள்



பொங்கலுக்கு முந்திய ஞாயிறன்று ஆராதனை முடிந்து, காணிக்கை எண்ணும் மேசையருகே நின்றுகொண்டிருந்தேன். நம் சபையைச் சேர்ந்த ஒரு தாய் தம் மகளைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் பிரிவில் படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பதிவியலில் அவள் பெற்றது 22 மதிப்பெண்.

"ஐயா, நீங்களே இவகிட்டச் சொல்லுங்க. படிப்ப நிறுத்திட்டு காய் பிரிக்கப் போறேங்குறா."

மகள் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "போரடிக்குது ஐயா. புத்தகத்தத் தொறந்தாலே தூக்கம் வருது. புடிக்காததை எதுக்கு ஐயா படிக்கணும்?"

அவளுடைய சம்மதத்தையும் தாயின் சம்மதத்தையும் பெற்றே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். உங்களில் பலருடைய வீட்டிலும் இதே கேள்வி இந்நாட்களில் கேட்கப்படும் என்பதை அறிவேன். மார்ச் மாதப் பொதுத்தேர்வு நெருங்குகிறது.

அந்தத் தாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடியுமுன் சிலமலையில் ஜீப் ஏறி, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர். ஏலக்காய் ஒரே நாளில் ஒன்றாக முற்றுவதில்லை. ஒரே சரத்தில் ஒரு காய் பக்குவமாக இருக்கும். அடுத்தது பிஞ்சாக இருக்கும். அதற்கும் அப்பால் பூ இருக்கும். ஆகவே எடுத்த செடியிலேயே சில வாரங்கள் கழித்து மறுபடியும் குனிந்து எடுக்க வேண்டும். அப்படி எடுத்த பச்சைக்காய் ஏறத்தாழ ஐந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய் ஆகும். அது போடிக்கு இறங்கி வந்து, கிட்டங்கிகளில் பெண்கள் கைகளால் அளவும் நிறமும் பார்த்துப் பிரிக்கப்படுகிறது. மகள் போக விரும்பியது அந்த வேலைக்குத்தான். அன்றன்றைய கூலி அன்றன்றே கைக்கு வரும் என்று அவள் சொன்னபோது, அதில் பொய் ஒன்றுமில்லை.

நான் உடனே பதில் சொல்லவில்லை. முன்பொருமுறை உடனே பதில் சொல்லி ஒரு பிள்ளையை இழந்திருக்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், வேறொரு ஊரில் ஊழியம் செய்தபோது, ஒரு பையன் இதே கேள்வியைக் கேட்டான். "தம்பி, முழங்கால்படியிட்டு ஜெபம் பண்ணு, கர்த்தர் அந்தப் பாடத்தின்மேல் உனக்கு ஆர்வத்தைத் தருவார்" என்றேன். அவன் உண்மையாகவே ஜெபித்தான். பல நாட்கள் அதிகாலையில் எழுந்து ஜெபித்ததாகப் பிற்பாடு அவன் தாய் சொன்னார். ஆர்வம் வரவில்லை. பாடம் முன்பு இருந்ததைப் போலவே உலர்ந்து கிடந்தது. தேவன் தன் ஜெபத்தைக் கேட்கவில்லை என்ற முடிவுக்கு அவன் வந்தான். முதலில் பள்ளியை விட்டான். சில மாதங்களில் ஆலயத்தையும் விட்டான். இன்று சொந்தமாக ஜீப் ஓட்டி உழைத்துச் சாப்பிடுகிறான்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என்னைக் கண்டால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வேதத்தில் எங்கும் தரப்படாத ஒரு வாக்குத்தத்தத்தை ஆண்டவர் பெயரால் நான் அவனுக்குக் கொடுத்துவிட்டேன். பிடிக்காத வேலையெல்லாம் பிடித்துப்போகும் என்று அவர் எங்கே சொன்னார்?

ஆகையால் இம்முறை அந்த மகளிடம், "பாடப் புத்தகத்தைக் கொண்டுவாம்மா, பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லியனுப்பினேன்.

அன்று மாலை முழுவதும் 'போரடிக்குது' என்னும் அவளுடைய சொல் மனத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்திலிருந்து வந்து நம் பிள்ளைகளின் வாயில் தங்கிவிட்ட சொல் அது. ஆனால் நம்முடைய வேதாகமத்தில் போரடித்தல் என்ற வேறொரு சொல் இருக்கிறது. களத்தில் கதிரைப் பரப்பி, மாடுகளைச் சுற்றிவரச் செய்து, தானியத்தைப் பிரிக்கும் வேலை அது. இரண்டுக்கும் ஒலி ஒன்றே தவிர, உறவு கிடையாது. ஆனாலும் அந்த ஒலி ஒற்றுமை என்னை ஓசியா தீர்க்கனின் புத்தகம், பத்தாம் அதிகாரம், பதினோராம் வசனத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

அங்கே எப்பிராயீம் பழக்கப்பட்ட ஒரு கிடாரிக்கு ஒப்பிடப்படுகிறது. அந்தக் கிடாரிக்குப் போரடிப்பது பிடிக்கும். ஆனால் ஆண்டவர் அதன் கழுத்தின்மேல் நுகத்தை வைத்து, ஏரில் பூட்டப்போவதாகச் சொல்கிறார்.

கிடாரிக்குப் போரடிப்பது ஏன் பிடிக்கும்? நம் ஊரில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் தாத்தாவின் களத்தில் கேழ்வரகுக் கதிரைப் பரப்பி மாடுகளைப் பிணையல் கட்டி ஓட்டுவார்கள். நான் சிறுவனாக இருந்தபோது அவற்றின் பின்னால் நடந்திருக்கிறேன். காலுக்கடியில் மெத்தென்று கதிர், முதுகில் பாரமில்லை, நடந்துகொண்டே குனிந்து ஒரு வாய், மறுபடியும் ஒரு வாய். அக்கம்பக்கத்துக் களங்களில் சிலர் மாட்டுக்கு வாய்க்கூடு போட்டுவிடுவார்கள். தாத்தா போடமாட்டார். அவருக்கு எழுத்து தெரியாது; போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்ற உபாகமத்தின் கட்டளையை ஆலயத்தில் கேட்டு நினைவில் வைத்திருந்தார். ஆக, போரடிக்கும் மாட்டுக்கு வேலையும் கூலியும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. உழவு அப்படியல்ல. நுகம் கழுத்தை அழுத்தும். மண் காலை இழுக்கும். வாய்க்கு எட்டும் தூரத்தில் ஒன்றும் இருக்காது. உழுகிற மாட்டுக்கு அன்றைக்கு அந்த நிலத்திலிருந்து ஒரு மணியும் கிடையாது.

நமக்குப் பிடித்த பாடம் போரடிக்கும் களத்தைப் போன்றது. படிக்கும்போதே அது நமக்குத் தீனி போடுகிறது. பிடிக்காத பாடம் உழவு. அந்த மகளுக்குச் செடிகொடிகளின்மேல் ஆசை. ஏலச்செடியின் கட்டே நோயை இலையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். தேனீ வராவிட்டால் ஏன் காய் பிடிக்காது என்று எனக்கு விளக்கினாள். உயிரியல் உள்ள பிரிவில்தான் சேர விரும்பினாள், இடம் கிடைக்கவில்லை. எனவே பற்றும் வரவும் அவளுக்கு வெறும் மண்ணாகத் தெரிவதில் வியப்பில்லை. காய் பிரிக்கும் வேலையோ நடக்கும்போதே வாய்க்கு எட்டுகிற தீனி. வறுமையில் இருக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய இழுப்பு என்பதை, மாதச் சம்பளம் வாங்கும் நான் அற்பமாகப் பேசக்கூடாது.

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஓசியா பள்ளிப்படிப்பைப் பற்றிப் பேசவில்லை. தன்னிச்சையாய்த் திரிந்த ஒரு ஜனத்துக்கு வந்த நியாயத்தீர்ப்பின் வார்த்தை அது. அதைப் பிடுங்கிவந்து, படிக்காத பிள்ளையை அதட்டும் பிரம்பாக நாம் பயன்படுத்தக்கூடாது. ஆனால் அடுத்த வசனமே தரிசு நிலத்தை உழுது பண்படுத்த அழைக்கிறது என்பதையும் கவனியுங்கள். கிடாரி போரடிக்க விரும்பியதற்காக ஆண்டவர் அதைக் கோபிப்பதாக அங்கே காணோம். ஆனால் உழாத நிலத்திலிருந்து களத்துக்குக் கதிர் வராது என்பது உழவன் அறிந்ததே.

இந்த வசனத்தின் எபிரெய மூலத்தைப் புரட்டியபோது என் பழைய வெட்கம் ஒன்றும் திரும்பி வந்தது. இறையியல் கல்லூரியில் எனக்கு எபிரெயம் அறவே பிடிக்கவில்லை. கிராமத்தில் ஞானஸ்நானமும் அடக்க ஆராதனையும் நடத்தப்போகிற ஒருவனுக்கு, வலமிருந்து இடமாக எழுதும் இந்தப் பழைய மொழி எதற்கு என்று விடுதியில் உரக்கப் பேசியவர்களில் நானும் ஒருவன். சொற்களைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி, தேர்வுக்கு மனப்பாடம் செய்து, மறுவாரமே மறந்தேன். அப்படி அரைகுறையாகக் கற்றதுதான், இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அகராதியைத் திறக்கும் அளவுக்காவது உதவியது. அங்கே கண்டது இது: கற்பதற்கு எபிரெயத்தில் 'லாமத்' என்பது வேர்ச்சொல். பழக்கப்பட்ட கிடாரி என்பதில் உள்ள 'பழக்கப்பட்ட' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து வருகிறது. நியாயாதிபதிகள் புத்தகத்தில் சம்கார் கையில் வைத்திருந்த தாற்றுக்கோல் 'மல்மாத்'. அதுவும் அதே வேர். மாட்டைப் பழக்குவதும் மனிதன் கற்பதும் அந்த ஜனத்துக்கு ஒரே சொல்லின் கிளைகள். கல்வி என்றாலே இன்பமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அன்று இன்னும் கொஞ்சம் ஒழுங்காகப் படித்திருந்தால், எத்தனை ஞாயிறுகளில் என் பிரசங்கத்தைக் கேட்டவர்கள் நன்மை அடைந்திருப்பார்கள் என்பதை நான் எண்ணிப்பார்க்க விரும்பவில்லை.

மறுவாரம் புத்தகத்தோடு வந்தபோது அவள் வேறொரு வாதத்தையும் கொண்டுவந்தாள். "கணித மேதை ராமானுஜனே ஃபெயில் ஆனவர்தானே ஐயா?"

உண்மைதான். பெற்றோரும் ஆசிரியரும் இக்கதையை இரண்டு விதமாகவும் தவறாகச் சொல்கிறார்கள் என்பதால் சற்று நின்று பார்ப்போம். சீனிவாச ராமானுஜன் 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் அவரை முழுவதுமாக விழுங்கியிருந்தது. மற்றப் பாடங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தேர்ச்சி பெறாமல் உதவித்தொகையை இழந்தார். பின்பு 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடலியங்கியல் போன்ற பாடங்கள் காத்திருந்தன. அந்த எஃப்.ஏ. தேர்விலும் அவரால் வெற்றி பெற முடியவில்லை. அதன்பின் பட்டமும் வேலையும் இல்லாமல், அரைப்பட்டினியாய், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும் நண்பர்களின் தயவிலும் ஆண்டுகளைக் கழித்தார். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914-இல் கப்பலேறினார், 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார், 1920 ஏப்ரலில், 32 வயதில் மறைந்தார்.

'ராமானுஜனும் தோற்றவர்' என்று ஆறுதல் சொல்கிறவர்கள் நடுவில் உள்ள பட்டினி ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறார்கள். 'மற்றப் பாடங்களைப் படிக்காததால் கெட்டார்' என்று மிரட்டுகிறவர்களோ, அப்படிப்பட்ட ஒரு வரத்துக்கு அந்தக் கல்லூரி விதிகளில் இடமே இல்லாமற்போனதை மறைக்கிறார்கள். என் எண்ணம் இது: தேவன் ஒருவனுக்கு அவ்வளவு பெரிய தாலந்தைக் கொடுத்திருந்தால், மற்றவர்கள் அவனுக்கு வழிவிட வேண்டும். அந்த மகளிடம் நான் கேட்டது வேறு. "அம்மா, நீ கணக்குப் பதிவியலை விட்டு எழுந்த மணி நேரங்களில், ராமானுஜன் கணிதம் செய்ததைப்போலச் செடிகளைப் படித்தாயா?" அவள் சிரித்துவிட்டாள். கைப்பேசி பார்த்தாளாம். நானும் எபிரெயத்தை விட்டு எழுந்த நேரங்களில் தேவாரத்துக்குச் சினிமா பார்க்கப் போனவன்தான். ஆகையால் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

இனி ஒரு பாவ அறிக்கை.

அவளுடைய புத்தகத்தை இரண்டு வாரம் நானே படித்தேன். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு. இரட்டைப் பதிவு முறையை 1494-இல் வெனிஸ் நகரில் முதன்முதலாக அச்சில் விளக்கியவர் லூகா பசியோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி என்பதை அறிந்து, ஒரு சபை ஊழியனாகச் சற்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி இரண்டு பக்கங்களுக்குத்தான் தாங்கியது. பாடம் உண்மையிலேயே வறண்டது. அதை அவளிடமும் மறைக்கவில்லை. ஆனால் படிக்கப் படிக்க வேறொன்று என்னை உறுத்தியது. முப்பது ஆண்டு ஊழியத்தில் ஒவ்வோர் ஆண்டும் சபைக் கணக்கில் கையொப்பமிட்டிருக்கிறேன். புரிந்து கையொப்பமிட்டது மிகக் குறைவு. எண்களைக் கண்டாலே எனக்குச் சலிப்பு. பொருளாளர் உண்மையுள்ளவர் என்று சொல்லி, காட்டிய இடத்தில் பெயரை எழுதிவிடுவேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சபையில், விதவையர் உதவிக்கென்று ஒருவர் கொடுத்த பணம் தவறுதலாகக் கட்டடக் கணக்கில் பதிவாகியிருந்தது. யாரும் திருடவில்லை. யாரும் கவனிக்கவுமில்லை. ஏழு மாதங்கள் கழித்து, தமக்கு வரவேண்டிய உதவி ஏன் நின்றது என்று ஒரு வயதான தாயார் தயங்கித் தயங்கிக் கேட்டபோதுதான் ஏட்டைப் புரட்டினோம். அந்த ஏழு மாதங்களில் நான் விதவைகளைக் குறித்து ஒரு பிரசங்கமும் செய்திருந்தேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் முதல் சபைக்கு வந்த முறுமுறுப்பு உபதேசத்தைப் பற்றியதன்று. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள். யாருக்குக் கொடுத்தோம், யாருக்குக் கொடுக்கவில்லை என்ற அலுப்பூட்டும் விசாரிப்பு அது. அந்த வேலைக்குப் பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரைத் தேடினார்கள். ஸ்தேவான் அவர்களில் ஒருவர். நாம் அவரை இரத்தசாட்சியாக நினைவுகூருகிறோம். பந்தி விசாரிப்புக்காரராக நினைப்பதில்லை. எத்தனை வீடு, எத்தனை பேர், எவ்வளவு அப்பம் என்று அவர் கேட்டுத் திரிந்த நாட்களும் இருந்திருக்க வேண்டும்.

இதை அந்த மகளிடம் சொன்னேன். பிரசங்கமாக அல்ல, நான் செய்த தவறாகச் சொன்னேன். அதன் பிறகுதான் அவள் புத்தகத்தைத் தானாகத் திறந்தாள் என்று நினைக்கிறேன். அவளுடைய தாய் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கிறார். குழுவின் கணக்கு நோட்டில் 90 ரூபாய் உதைக்கிறது, யார்மேல் சந்தேகப்படுவது என்று தெரியாமல் பெண்கள் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றாள். "கொண்டுவா" என்றேன்.

செவ்வாயும் வெள்ளியும் மாலை நாற்பது நிமிடம் ஆலயத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். முதல் இரண்டு நாட்களும் ஒன்றும் அகப்படவில்லை. "இன்னைக்கும் வீணாப்போச்சு ஐயா" என்று எழுந்தாள். சிமோன் வெய்ல் என்ற பிரெஞ்சுப் பெண் அப்போது என் நினைவுக்கு வந்தார். தத்துவ ஆசிரியை, கிறிஸ்துவை நேசித்தும் திருச்சபையின் வாசலிலேயே நின்றவர். 1942-இல் பள்ளிப்படிப்பையும் தேவ அன்பையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஜெபம் என்பது கவனம். பாடம் படிப்பது அந்தக் கவனத்துக்குப் பயிற்சி. ஆகவே ஒரு மணி நேரம் உண்மையாக முயன்றும் விடை கிடைக்காத கணக்குகூட வீண்போவதில்லை என்பது அவர் வாதம். புருவத்தைச் சுருக்கி உடலை விறைப்பாக்கிக்கொள்வது கவனமன்று என்றும் எச்சரிக்கிறார். அவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் மார்ச் மாதத்தில் தேர்ச்சி பெற வேண்டிய ஏழைப் பிள்ளைக்கு விடையும் கிடைத்தாக வேண்டும். அதை வெய்ல் எளிதாகக் கடந்துவிடுகிறார்.

விடையைக் காட்டியவர் எங்கள் சபையில் கணக்கு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். "வித்தியாசம் ஒன்பதால வகுபடுதா பாருங்க. வகுபட்டா, ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம்" என்றார். தொண்ணூறு ஒன்பதால் வகுபடும். மகள் நோட்டின் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தேடினாள். ஒருவர் கட்டிய 540 ரூபாய், பேரேட்டில் 450 என்று ஏறியிருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவ்வளவு நாள் சந்தேகத்துக்கு உள்ளாயிருந்த பெண் யார் என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். நோட்டை மூடிக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குத்தான் போனாள்.

இதனால் அவளுக்குக் கணக்குப் பதிவியல் பிடித்துப்போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசை. கேட்டேன். "இல்லை ஐயா, இப்பவும் போரடிக்கத்தான் செய்யுது" என்றாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக, நாங்கள் கண்டுகொண்ட சிலவற்றையும் எழுதுகிறேன். எல்லாம் உழவரிடமிருந்து கற்றவைதான். ஏர் பூட்டுவது விடியலில், வெயில் ஏறுமுன். எனவே பிடிக்காத பாடத்தை நாளின் கடைசியில் தூக்கக் கலக்கத்துக்குத் தள்ளிவைக்காமல், காலையில் முதலாவதாக எடுக்கச் சொன்னேன். வெயில் ஏறியதும் ஏரை அவிழ்த்துவிடுவார்கள். நாள் முழுவதும் உழுத மாடு மறுநாள் படுத்துக்கொள்ளும். ஆகவே நாற்பது நிமிடம் போதும். அதில் ஒரு கணக்கு முழுவதும் முடிந்திருக்க வேண்டும். அதன்பின் செடிகளைப் பற்றி அவள் என்ன வேண்டுமானாலும் படிக்கலாம், வாய்க்கூடு போடக்கூடாது. பெற்றோர் இந்தக் கடைசி வார்த்தையைக் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பிடிக்காத பாடத்தில் மதிப்பெண் குறைந்ததென்று, பிடித்ததையும் பிடுங்கிவிடுகிறோம். எத்தனையோ வீடுகளில் ஓவிய நோட்டும் புல்லாங்குழலும் அலமாரியின் மேல்தட்டுக்கு இப்படித்தான் போயின.

இளங்காளையைத் தனியாக ஏரில் பூட்டமாட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். பழகிய காளை ஒன்றை ஜோடியாகப் பூட்டுவார்கள். சாலின் நேரைப் பழகியதே பிடித்துக்கொள்ளும், இளையது கூட நடக்கும். நம் ஆண்டவர் வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களை அழைத்தபோது, தம்முடைய நுகத்தை ஏற்றுக்கொள்வதையும் தம்மிடத்தில் கற்றுக்கொள்வதையும் ஒரே மூச்சில் சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பையனை நான் முழங்கால்படியிட அனுப்பினேன், அவனோடு உட்காரவில்லை. அவனுடைய புத்தகத்தின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

கடந்த வாரம் போடிப் பேருந்து நிலையத்தருகே அவனுடைய ஜீப்பைக் கண்டேன். அருகே சென்று, "தம்பி, அன்றைக்கு உனக்குத் தவறான ஆலோசனை சொன்னேன், மன்னித்துக்கொள்" என்றேன். அவன் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஏறுங்க ஐயா, சிலமலைதானே, விட்டுட்டுப் போறேன்" என்றான். வழியில் இருவரும் அதிகம் பேசவில்லை. அவனுக்கு மூன்றாம் வகுப்பில் ஒரு மகள் இருக்கிறாளாம்.

நம் மகளுக்குத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. இறுதிக் கணக்குகள் என்ற பகுதி இன்னும் வசப்படவில்லை, எனக்கும்தான். வருகிற வெள்ளிக்கிழமை அந்தப் பெரியவர் வந்து எங்கள் இருவருக்கும் சொல்லித்தருவதாக இருக்கிறார். அவளுக்காகவும், அவளைப்போல் பிடிக்காத புத்தகத்தின் முன் இந்த வாரம் உட்காரப்போகிற பிள்ளைகள் எல்லாருக்காகவும், அந்தத் தம்பிக்காகவும் அவன் குடும்பத்துக்காகவும் உங்கள் குடும்ப ஜெபத்தில் வேண்டிக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர், சிலமலை